கழுத்தை விட்டுவிடாதீர்கள்

இதில் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, தம்பி. பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். அந்தக் காதுகுத்து பேனர்காரரை முதலில் அனுப்ப வேண்டுமென்றால் அனுப்பிவிடுங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வரைந்து, வண்ணம் எல்லாம் போட்டு முடித்த படம். நிறத்தை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும்.

திறந்துவிட்டதா. ஆமாம், என் மகள். சண்முகவடிவு என்று பெயர். வடிவு என்று கூப்பிடுவோம். இல்லை, கல்யாணத்துக்கு இல்லை. அவள் இப்போது இல்லை. போன ஆவணியில் போய்விட்டாள்.

நன்றாக வரைந்திருக்கிறது என்கிறீர்களா. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. கோடு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மோவாயும், யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற அந்தக் கழுத்தும் அவளேதான். நிறம்தான் சரியில்லை. கன்னத்தில் பாருங்கள், ஊதா. ஒரு பெண்பிள்ளையின் கன்னத்தில் யாராவது ஊதா பூசுவார்களா? மூக்கோரத்தில் நீலம். நெற்றியில் செம்புக் குடத்தைத் துலக்கி வைத்ததுபோல ஒரு பளபளப்பு. பக்கத்தில் வந்து பார்த்தால் சந்தையில் காய்கறிக் கடை மாதிரி இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் வடிவு மாதிரி இருக்கிறது. அதுதான் சங்கடமே.

உங்களுக்கு எந்த ஊர்? அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணமாகாமல் போன பெண்ணை எங்கள் வீடுகளில் கன்னியாகக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை தாவணி, வளையல், ரிப்பன், மை, பவுடர் எல்லாம் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் படைப்போம். வீட்டுக்கு அவள்தான் காவல் என்பார்கள். மனக்குறையோடு போன கன்னி என்றால் வீட்டில் நல்ல காரியம் தட்டிக்கொண்டே போகுமாம். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொன்னவள். இதையெல்லாம் முழுக்க நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகன் ஒருவன் இருக்கிறான், பெங்களூரில். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றும் அமையவில்லை. என் நாத்தனார் சொன்னாள், "அண்ணி, வடிவுக்கு இன்னும் மனசு ஆறல. தை வெள்ளியில கன்னி கும்பிட்டுருங்க. படம் வச்சுக் கும்பிடுங்க."

வடிவுக்கு என்ன குறை? சாப்பாட்டுக்குக் குறையா, படிப்புக்குக் குறையா? பி.காம். முடித்து மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தாள். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதைப் படத்திலாவது தீர்த்து வைத்துவிட்டால் அவளும் நிம்மதியாக இருப்பாள், நாங்களும் இருப்போம்.

போட்டோவா? போட்டோ எங்கே இருக்கிறது. அவள் போட்டோவுக்கு நிற்க மாட்டாள். கல்யாண வீடுகளில் வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தாலே இவள் இலையைப் பார்த்துக் குனிந்துவிடுவாள். தரகருக்குக் கொடுத்த ஸ்டூடியோ படம் ஒன்று இருந்தது. அதில் அவன் இஷ்டத்துக்கு வெளுப்பாக்கிவிட்டான். பெண்ணை நேரில் பார்க்க வந்தவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தப் படத்தை வடிவே கிழித்துப் போட்டுவிட்டாள். அதனால்தான் வரையச் சொன்னேன்.

வரைந்தது நஸ்ரின் என்று ஒரு பெண். வடிவோடு படித்தவள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கம்ப்யூட்டரில் பொம்மை வரைகிற வேலை. கதைப் புத்தகத்துக்கு, செல்போன் விளையாட்டுக்கு எல்லாம் வீட்டிலிருந்தே ஆள் வரைந்து அனுப்புவாள். எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த பெண். நான் அவளை வேறாக நினைத்ததே இல்லை. அவள் எனக்குச் செய்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

படத்தை முடித்து முதலில் அவருக்கு அனுப்பிவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு. எனக்கு அனுப்பவில்லை, கவனியுங்கள். அவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போனது. நான் போய் நின்றபோது நிமிர்ந்து, "பிள்ளை வந்துட்டா" என்றார். அவ்வளவுதான். நான் வாங்கிப் பார்த்தேன். "ஏங்க, இப்படியேவா வைக்கிறது? இவ்வளவு கருப்பா?" என்று கேட்டேன். அவர் செல்போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதிலிருந்து அவர் என்னோடு அதிகம் பேசுவதில்லை. வயதாகிவிட்டது, காதும் கேட்பதில்லை என்று நினைக்கிறேன். நஸ்ரின் வந்தால் மட்டும் பேசுகிறார்.

நஸ்ரின் வீட்டுக்கே போனேன். "நல்லாருக்கும்மா, ஆனா கொஞ்சம் தூக்கிக் குடு" என்றேன். "எதை ஆன்ட்டி?" என்றாள். தெரியாதது மாதிரி. "நிறத்தைத்தான். நிழலை எல்லாம் எடுத்துரு, பளிச்சுன்னு வரும்."

அவள் நாற்காலி எடுத்துப் போட்டு எனக்குப் பாடம் நடத்தினாள். படம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாளை அடுக்கின மாதிரி இருக்குமாம். அடியில் மொட்டை நிறம், அதற்கு மேலே நிழல், அதற்கும் மேலே வெளிச்சம். உங்களுக்குத் தெரியாததா. "கருப்புத் தோலுக்குக் கருப்புல நிழல் போட்டா அழுக்கு மாதிரி ஆயிரும் ஆன்ட்டி. நீலமும் ஊதாவும் போடணும். வெளிச்சம் படுற இடத்துல செம்பு வரும். வடிவு ஜன்னல்கிட்ட நின்னா அப்படித்தான் இருப்பா. நான் எத்தனை தரம் பார்த்திருக்கேன்." நான் இருபத்தெட்டு வருஷம் பார்த்தேன், எனக்கு ஊதாவும் தெரியவில்லை, செம்பும் தெரியவில்லை.

பழைய பாட்டில் மாமை என்று ஒரு சொல் வரும், தம்பி. மாந்தளிர் நிறம். தலைவியின் அழகே அதுதான். பிரிவு வந்தால் அந்த நிறம் போய்ப் பசலை படரும், உடம்பு வெளுக்கும். அதைத்தான் நோய் என்று பாடினார்கள். பிள்ளைகளுக்கு நான் அதை மிக நன்றாக நடத்துவேன். கடைசி பெஞ்சுப் பெண்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவன் எம்.ஏ. படித்துவிட்டா வருகிறான்?

பிறந்தபோது சிவப்பாகத்தான் இருந்தாள். அப்புறம்தான் அவர் குடும்பத்து நிறம் வந்துவிட்டது. என் நாத்தனாரே கருப்புதான், ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்காது. "அண்ணி, உங்க வீட்ல லைட்டப் போட்டாத்தான் வடிவு எந்த மூலைல இருக்கான்னு தெரியுது" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். வடிவும் சிரிப்பாள். அவள் எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டாள். "அத்தை, கரண்ட் போனா சொல்லுங்க, நான் பல்லைக் காட்றேன்" என்று பதில் கொடுப்பாள். அவ்வளவு கலகலப்பு. அப்புறம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிட மாட்டாள். வயிறு சரியில்லை என்பாள். அவளுக்கு எப்போதும் வயிறு கொஞ்சம் மந்தம்.

மாநிறம் என்று தரகரிடம் சொல்வோம். தரகர் அதை நல்ல மாநிறம் என்று மாற்றுவார். வந்து பார்த்தவர்கள் போய்ப் பதில் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். ஒருத்தர்கூட நிறத்தைச் சொல்லவில்லை, பாருங்கள். ஜாதகம் இடிக்கிறது என்பார்கள், தூரம் என்பார்கள். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

அப்போதுதான் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற மேகலா அந்த கிரீமைக் கொடுத்தாள். சின்ன வெள்ளை டப்பா. பெயர்கூடக் கிடையாது, ஏதோ வெளிநாட்டு எழுத்து. எல்லோருக்கும் கொடுப்பதில்லை, டீச்சர் என்பதால் உங்களுக்குத் தருகிறேன் என்றாள். நெற்றியில் தொடங்கி, கன்னம், மூக்கு, அப்புறம் கழுத்து. கழுத்தை விடக் கூடாது, முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக இருந்தால் பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள்.

தம்பி, நம்ப மாட்டீர்கள். இரண்டு மாதத்தில் முகம் மாறிவிட்டது. மேகம் விலகினதுபோல என்று எழுதுவார்களே, அப்படி. எத்தனை வீரியமான மருந்து என்றால், தினமும் அவளுக்குத் தேய்த்துவிட்டதில் என் கல்யாண மோதிரமே வெளுத்து வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. ஆசாரியிடம் காட்டினேன். "என்னம்மா, பாதரசத்துல கையை விட்டீங்களா?" என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். தங்கத்தையே வெளுக்க வைக்கிறது என்றால் தோல் எம்மாத்திரம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அதற்கப்புறம் வந்த முதல் வரனே அமைந்துவிட்டது. மாப்பிள்ளை மின்வாரியத்தில் இருந்தான். அவன் அம்மா வடிவின் மோவாயைத் தொட்டு, "நிறமாத்தானே இருக்கா, யாரோ கருப்புன்னாங்க" என்றாள். எனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது தெரியுமா. ஆவணியில் நிச்சயம் என்று பேசினோம்.

ஆனியில்தான் கால் வீங்க ஆரம்பித்தது. மில்லில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தோம். அப்புறம் காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும், கண் திறக்க முடியாது. "அம்மா, இந்த கிரீமை நிறுத்திப் பாக்கட்டுமா?" என்றாள். "முகத்துல போடுறது காலுக்கு எப்படிடி போகும்?" என்றேன். நீங்களே சொல்லுங்கள், போகுமா?

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் சத்தெல்லாம் ஒழுகிப் போகிறது என்றார்கள். டாக்டர் நல்ல மனிதர், நிதானமாகக் கேட்டார். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாளா, முகத்துக்கு என்ன போடுகிறாள் என்று. வடிவு வாயைத் திறந்தாள். நான்தான் முந்திக்கொண்டு, "சோப்பும் பவுடரும்தான் டாக்டர்" என்றேன். வேறு என்ன செய்வது? பொது வார்டு. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் மாப்பிள்ளை வீட்டுத் தெருக்காரி. பெண்ணின் நிறம் டப்பாவில் வந்த நிறம் என்று அவள் காதுபட நான் சொல்ல முடியுமா? வடிவு என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். புத்திசாலிப் பெண்.

நஸ்ரின்தான் போய்ப் போட்டுக்கொடுத்தாள். டாக்டரின் அறைக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் வந்து டப்பாவை வாங்கிக்கொண்டு போனார், ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார். என்னவோ ஒன்று அளவுக்கு மேல் இருக்கிறது என்று வந்தது. இதைத் தொடவே கூடாது, நிறுத்தினால் போதும், மெல்ல மெல்லச் சரியாகிவிடும் என்றார். நிறுத்தினோம். டாக்டர் சொன்னால் கேட்கிறவள்தான் நான், தம்பி. நிறுத்தினோம்.

வீக்கமும் கொஞ்சம் வடிந்தது. ஆனால் பழைய நிறம் திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் கண்ணைச் சுற்றி, அப்புறம் நெற்றியோரத்தில். முன்னைவிடக் கருப்பாக. நிச்சயத்துக்கு நாள் நெருங்குகிறது. மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்கிறவள் முன்னால் இந்த முகத்தை எப்படிக் காட்டுவது? மேகலாவிடம் இன்னொரு டப்பா வாங்கிவந்தேன். வடிவின் கைகளில் ஊசி குத்திக் குத்தி வீங்கியிருந்தது, விரலை மடக்க முடியாது. அதனால் நானே போட்டுவிட்டேன். "வேண்டாம்மா" என்றாள். "கொஞ்சம்தான்டி, மேலாகத்தான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தையில் எண்ணெய் தேய்க்கும்போதும் அப்படித்தான் மூடிக்கொள்வாள். நஸ்ரின் அப்போது டிபன்பாக்ஸோடு வந்து நின்றிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. "கழுத்தைக் காட்டுடி, கழுத்து விட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். திருப்தியாகத்தான் போனாள்.

அதற்கப்புறம் மறுபடி வீங்கியது. ஒருநாள் காலையில் மூச்சு வாங்கினது. ரத்தம் கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டது என்றார்கள். சிறுநீரகம் கெட்டால் அப்படியும் வருமாம். யாருக்கு என்ன விதித்திருக்கிறதோ. டாக்டர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூட்டிப்போய் என்னவோ பேசினார். அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சின்னப் பெண் போனபிறகு காரணத்தைத் தெரிந்து என்ன செய்வது.

வீட்டு வாசலில் அவளைக் கிடத்தியிருந்தபோது வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். என் நாத்தனாரே சொன்னாள். "எவ்வளவு நிறமா இருக்கா பாருங்க." அவள் வாயால் சொன்னாள், தம்பி.

இப்போது சொல்லுங்கள். அன்றைக்கு அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் தை வெள்ளிக்கு வருவார்கள். அவர்கள் முன்னால் இந்த ஊதாக் கன்னத்தை மாட்டிவைத்து மாலை போடவா?

நஸ்ரினிடம் கெஞ்சினேன். கடைசியில் சரி என்று உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தேன், எங்கே எங்கே தூக்க வேண்டும் என்று. நெற்றி, கன்னம், மூக்கு. நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. "கழுத்தை விட்டுறாதம்மா" என்றேன். கம்ப்யூட்டரில் வரைகிற அந்தப் பேனாவை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் ஆன்ட்டி சொன்னீங்க" என்றாள். ஆமாம், சொன்னேன். அதற்கு அழுவானேன்? அவள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து என்னம்மா என்னம்மா என்று கேட்கிறார்கள், இவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். மாற்றின வரைக்கும் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, இந்த பென்டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தாள். "இதுக்கு மேல நான் அவளைத் தொட மாட்டேன் ஆன்ட்டி. நீங்க வேற யார்கிட்டயாவது குடுத்துக்கோங்க." வளர்த்த வீட்டுக்குச் செய்கிற நன்றியா இது? துக்கம் அவளுக்கு மட்டும்தானா?

அதனால்தான் உங்களிடம் வந்தேன். பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரன் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆக்கிக் காட்டினான், வேண்டாம் என்றுவிட்டேன். உங்கள் கடையில் தொட்டது தெரியாமல் செய்வீர்கள் என்றார்கள்.

நிழல் தனியாகத்தானே இருக்கிறது? அப்படியானால் சுலபம். முதலில் அடி நிறத்தைத் தூக்குங்கள். இன்னும். கோதுமை நிறம் என்பார்களே. போதும், போதும். இப்போது நிழலை மெதுவாகக் குறையுங்கள். பாருங்கள், ஊதா போகிறது. நீலம் போகிறது. எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. மூக்கோரத்தில் இருப்பதையும் எடுங்கள். கன்னத்துக்குக் கீழே இருக்கிறதே, அதையும். கழுத்தை விட்டுவிடாதீர்கள்.

ஏன் கையை எடுத்துவிட்டீர்கள்? ஒன்றுமில்லையே, செய்யுங்கள். முழுக்க எடுத்துவிடலாம்.

ஒரு நிமிஷம்.

கன்னம் ஏன் இப்படி ஆகிவிட்டது? இவ்வளவு உப்பலாக இல்லையே. கண்ணும் சின்னதாகிவிட்டது. நீங்கள் கண்ணைத் தொட்டீர்களா? தொடவில்லையா. நிழலை எடுத்தால் முகம் அப்படித்தான் வீங்கிக் காட்டுமா. மூக்கும் அமுங்கிப்போகுமா. ஓ.

இல்லை, திரும்பப் போட வேண்டாம். இருக்கட்டும், இருக்கட்டும். இந்த முகத்தை எனக்குத் தெரியும். கடைசி வாரத்தில் இப்படித்தான் இருந்தாள், தலையணையில். நான்தான் பக்கத்தில் இருந்தேன், வேறு யாரும் இல்லை. இவ்வளவு நிறமாகத்தான் இருந்தாள்.

இதையே பிரிண்ட் போட்டுவிடுங்கள். பெரிதாகவே போடுங்கள், சட்டம் நான் வெளியில் போட்டுக்கொள்கிறேன். கண்ணை மட்டும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா, தம்பி? திறந்திருக்கிற மாதிரி.